கிழிந்த சட்டையின் சாட்சியம்

ஆட்சிப் பொறுப்பிலிருக்கும் ஒருவர் மீது ஒரு பெண் மானம் பற்றிய குற்றம் சாட்டுகிறாள். அவர் மறுக்கிறார். கண்டவர் எவருமிலர். யாரை நம்புவது? பெரும்பாலோர் இதற்கு விடையைத் தம் கட்சியிடமோ, தம் மனப்போக்கிடமோ கேட்டுப் பெறுகின்றனர். நாமும் விதிவிலக்கல்ல என்பதை முதற்கண் ஒப்புக்கொள்கிறோம்.

குமரி மாவட்டம் 1956-ல் தமிழகத்தோடு இணைந்த பின்னும், தக்கலை, குழித்துறைத் தேநீர்க் கடைகளில் கேரளச் செய்தி உள்ளூர்ச் செய்தியாகவே பேசப்படும். 2013-ல் வெடித்த சோலார் மோசடி வழக்கில் முக்கியக் குற்றவாளியாகச் சொல்லப்பட்ட பெண், அன்றைய முதலமைச்சர் உம்மன் சாண்டி உள்ளிட்டோர் மீது பாலியல் குற்றமும் சாட்டினார். 2017-ல் விசாரணை ஆணைய அறிக்கை வந்தபோது, நாம் மதரஸா மாணவர்களிடம், "பதவி மனிதனைக் கெடுப்பதைப் பாருங்கள்" என்று அதை உதாரணம் காட்டினோம். அப்பெண்ணின் கடிதத்தையும் அதையொட்டிய முடிவுகளையும் 2018-ல் கேரள உயர் நீதிமன்றம் அறிக்கையிலிருந்து நீக்கியது. 2022 டிசம்பரில் சி.பி.ஐ. அவரைக் குற்றமற்றவர் என்றது. 2023 ஜூலையில் அவர் மறைந்தார். நாம் மட்டும் சொன்னதைத் திருத்தவில்லை.

2024 ஏப்ரலில், தேர்தல் வேளையில், கர்நாடகத்தின் ஹாசன் தொகுதி மக்களவை உறுப்பினர் பிரஜ்வல் ரேவண்ணா மீது புகார்கள் எழுந்தன. சூடு கண்ட பூனையாகிய நாம், "அரசியல் சூழ்ச்சியாக இருக்கும்" என்றோம். அவர் குடும்பத்தில் வேலை செய்த ஏழைப் பெண்ணின் வழக்கில், 2025 ஆகஸ்டில் பெங்களூருச் சிறப்பு நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. அப்பெண்ணின் சேலையிலிருந்த மரபணுத் தடயம் வலுவான சான்றாயிற்று. முன்பு விசாரியாமல் நம்பினோம். பின்பு விசாரியாமல் மறுத்தோம்.

திருமறையின் யூசுப் அத்தியாயத்திலும் ஓர் ஆடையே சாட்சி. எசமானி பழி சுமத்துகிறாள். பழிக்கு ஆளான நபி யூசுப் (அலை) அவ்வீட்டு அடிமை. அவளுடைய உறவினர் ஒருவர், சட்டை முன்புறம் கிழிந்திருந்தால் அவள் சொல் மெய், பின்புறம் கிழிந்திருந்தால் அவர் சொல் மெய் என்று அளவுகோல் வகுத்தார். சட்டையைப் பார்த்தது அதன் பின்னரே. தம் குடும்பத்துக்குப் பாதகமாக முடியக்கூடும் என்றறிந்தும் அவர் அளவுகோலை வளைக்கவில்லை. நம்மில் எத்தனை பேர் அவ்வாறு முன்கூட்டியே அளவுகோல் வகுக்கிறோம்?

தீயவன் செய்தி கொணர்ந்தாலும் தீர விசாரிக்கவே ஹுஜுராத் அத்தியாயம் பணிக்கிறது. அவனை விரட்டப் பணிக்கவில்லை. ஆகவே, சொன்னவள் மோசடி வழக்கில் சிக்கியவள் என்பதால் மட்டும் அவள் சொல் பொய்யாகாது. துணிந்து சொன்னாள் என்பதால் மட்டும் மெய்யுமாகாது.

"நான்கு சாட்சிகள் எங்கே?" என்று கேட்டுப் பெண்ணின் வாயை அடைப்பாரும் உளர். கற்புடைய பெண்களை அவதூறிலிருந்து காக்க வந்த சட்டத்தை, பலாத்காரம் செய்தவனுக்குக் கேடயமாக்குவது முறையன்று. தொழுகைக்குச் சென்ற வழியில் பலாத்காரத்துக்கு ஆளான பெண்ணொருத்தி பெருமானார் (ஸல்) அவர்களிடம் முறையிட்ட செய்தி அபூதாவூத், திர்மிதி தொகுப்புகளில் உண்டு. அவள் அடையாளம் காட்டியவர் குற்றமற்றவர். உண்மைக் குற்றவாளி எழுந்து ஒப்புக்கொண்டான். அவளுக்கு நடந்த கொடுமை மெய். ஆளைக் காட்டியதில் மட்டும் பிழை நேர்ந்தது. அப்பிழைக்காக அவள் தண்டிக்கப்படவில்லை.

இமாம் புகாரியின் ஆசிரியர் அலீ இப்னுல் மதீனி, தம் தந்தையே ஹதீஸ் அறிவிப்பில் பலவீனமானவர் என்று வெளிப்படக் கூறியவர். தந்தைக்கே சலுகை காட்டாத அந்த மரபை ஓதிக்கொடுக்கும் நாம், செய்தித்தாளைக் கையிலெடுத்ததும் அதனை மறந்தோம்.

புறம்பேசப்பட்டவர் இறந்துவிட்டால், இழிவாகப் பேசிய அதே அவையில் அவரைப் பற்றி நல்லது சொல்லவேண்டும் என்பர் அறிஞர். நம் அவையிலிருந்த மாணவர்கள் இன்று வளைகுடா நாடுகளில் பிழைக்கின்றனர். ஒவ்வொருவராக அழைத்து, உம்மன் சாண்டியைப் பற்றி நாம் சொன்னது தவறு என்று சொல்லிவருகிறோம். இன்னும் நால்வர் எஞ்சியுள்ளனர். அல்லாஹ் அதற்குள் ஆயுளைத் தருவானாக!