ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றாதீர்கள்

பேரணாம்பட்டிலிருந்து ஆம்பூர் ஷூ கம்பெனிகளுக்கு விடியற்காலையில் வேன் ஓட்டும் அண்ணன் தம்பிமாரே, பத்தலப்பல்லி மலைப்பாதை ஏறி வி.கோட்டா பக்கம் போய்வரும் டாக்சிக்காரர்களே, சொந்தக் கார் வைத்திருப்பவர்களே, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். குழாயடியில் பிடித்த போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள்.

எந்த ஊரிலும் அது தப்புதான். நம் ஊரில் இன்னும் பெரிய தப்பு. இங்கே பூமிக்குள் இருப்பது எப்படிப்பட்ட தண்ணீர் என்று நமக்குத் தெரியாதா? தோல் தொழிற்சாலைகளுக்குப் பச்சைத் தோல் கெடாமலிருக்க உப்புப் போட்டுத்தான் வருகிறது. அதை ஊறவைத்துக் கழுவிய தண்ணீர் பல பத்தாண்டுகளாக நம் மண்ணில் இறங்கியிருக்கிறது. தோல் தொழிற்சாலைகள் நிறைந்த இந்தப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுசாகவோ பயிருக்கு லாயக்கில்லாமல் போனதை, வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று வந்த தீர்ப்பில் உச்ச நீதிமன்றமே எடுத்துச் சொன்னது. பயிர் தாங்காத தண்ணீரை அலுமினிய இன்ஜின் தாங்கும் என்று எப்படி நம்புகிறீர்கள்?

உப்பிலுள்ள குளோரைடு அலுமினியத்தைப் புள்ளி புள்ளியாக அரிக்கும். கடினத் தண்ணீரின் கால்சியமும் மக்னீசியமும் சூட்டில் படிந்து இறுகும். பட்டறையில் கழற்றிப் போட்ட பழைய ரேடியேட்டர் ஒன்றை வாங்கிப் பாருங்கள். சப்பைக் குழாய்களின் வாயில் வெள்ளையும் துருச்சிவப்புமாகப் பொருக்கு கட்டியிருக்கும். சில குழாய்களில் ஊசி நுழையவும் வழியிருக்காது. வாட்டர் பம்ப் இறக்கைகளின் ஓரமெல்லாம் அரித்துப் போயிருக்கும். அப்புறம் இன்ஜின் சூடேறாமல் என்ன செய்யும்? ஹெட் கேஸ்கட் போகும், சிலிண்டர் ஹெட் வளையும். கத்திரி வெயிலில், ஆள் நிறைந்த வண்டியோடு, கொண்டை ஊசி வளைவில் அது நடந்தால் பின் சீட்டில் இருப்பவர்களின் கதி என்ன? அவர்கள் உங்களை நம்பி ஏறியவர்கள். சூடான ரேடியேட்டரின் மூடியைப் பதற்றத்தில் திருகினால் கொதிநீர் பீறிட்டு முகம் வெந்துபோகும். முக்கால் மணி நேரம் ஆனாலும் சரி, ஆறட்டும் என்று காத்திருங்கள்.

தண்ணீருக்குப் பதில் கூலன்ட் ஊற்றுங்கள் என்றால், நம் ஊரில் பனியா உறைகிறது, கூலன்ட் எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைகாலும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்தால் சாதாரண அழுத்தத்தில் ஏறக்குறைய 106 டிகிரியில்தான் கொதிக்கும். மூடி சரியாக இருந்து அழுத்தம் நின்றால் 120ஐயும் தாண்டும். அதைவிட முக்கியம், அதிலிருக்கும் அரிப்புத் தடுப்பு மருந்துகள். நமக்கு வேண்டியது அதுதான்.

நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். பச்சை, சிவப்பு, நீலம் எல்லாம் கம்பெனிக்காரர் சேர்க்கும் சாயம். ஒரே நிறத்தில் இரண்டு வேறு மருந்துகள் இருக்கலாம். வண்டியோடு வந்த கையேட்டில் எந்த வகை என்று போட்டிருக்கிறது. அதையே கடையில் கேளுங்கள். சிலிக்கேட் சேர்ந்த பழைய வகை சுமார் இரண்டு வருஷம் தாங்கும், கரிம அமில வகை ஐந்து வருஷம்வரை போகும். ஒன்றோடொன்றைக் கலந்தால் மருந்தின் பலன் குறையும், சில சமயம் கூழாகத் திரண்டு அடைத்துக்கொள்ளும். கலந்தே விற்கும் கூலன்ட்டில் சொட்டுத் தண்ணீரும் சேர்க்க வேண்டாம். கெட்டியாக விற்பதை வாங்கினால், பேட்டரிக்கு ஊற்றுகிறோமே, அந்த டிஸ்டில்டு வாட்டரில் மட்டுமே கலக்குங்கள். நல்ல கூலன்ட்டை வாங்கிப் போர் தண்ணீரில் கரைப்பது காசைக் கரைப்பது.

வேன் முதலாளிகளே, இது உங்களுக்கு. லிட்டருக்குச் சில நூறு ரூபாய் நீங்கள் தராவிட்டால் சம்பள ஓட்டுநர் குழாயடிக்குத்தான் போவார். பழி அவர் மேல் விழக்கூடாது.

வடித்தெடுத்த பழைய கூலன்ட்டைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. தயவுசெய்து அதைப் பட்டறை வாசல் சாக்கடையில் கொட்டாதீர்கள். எத்திலீன் கிளைகால் விஷம். ஆனால் ருசி இனிப்பு. தேங்கியதை நாய் நக்கும், ஆடு குடிக்கும், குழந்தை கை நனைத்து வாயில் வைக்கும். வளர்ந்த ஆளுக்கே 100 மில்லி அளவு உயிரை எடுக்கக்கூடும், சிறுநீரகம் செயலிழந்துவிடும். 2025இல் மத்தியப் பிரதேசத்தில் இருமல் மருந்து குடித்துக் குழந்தைகள் செத்தார்களே, அதில் கலந்திருந்த டைஎத்திலீன் கிளைகால் இதற்கு நெருங்கிய சொந்தம். அந்த மருந்து தயாரானதும் நம் தமிழ்நாட்டில், காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான். தோல் கழிவை ஆற்றில் விட்டவர்களைத் திட்டிக்கொண்டே நாமும் பாலாற்றுக்குப் போகும் கால்வாயில் விஷத்தை ஊற்றலாமா? மூடி இறுக்கமான கேனில் பிடித்து, மேலே "விஷம்" என்று எழுதி, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். குடிக்கிற தண்ணீர் பாட்டிலில் மட்டும் ஊற்றவே ஊற்றாதீர்கள். பழைய இன்ஜின் ஆயிலோடு கலக்காமல், கழிவை முறையாக ஒப்படைக்கும் சர்வீஸ் சென்டரில் கேட்டுக் கொடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், இன்ஜின் தொட்டால் சுடாத நேரத்தில், ரிசர்வாயர் டேங்க்கைப் பாருங்கள். அளவுக் கோடுகள் இரண்டுக்கும் நடுவில் கூலன்ட் தெளிவாக நிற்க வேண்டும். உள்ளே இருப்பது டீ டிகாஷன் நிறத்தில் கலங்கியிருந்தாலோ, எண்ணெய்ப் படலம் மிதந்தாலோ, திங்கட்கிழமை அந்த வேனில் யாரையும் ஏற்றாதீர்கள். முதலில் மெக்கானிக்கிடம் விடுங்கள். கம்பெனி டிரிப்புக்கு வேறு வண்டி சொல்லிவிடுங்கள்.