இலவசமாகக் கிடைப்பதெல்லாம் ஹலால் ஆகுமா?

 

 

சில நாட்களுக்கு முன் அஸர் தொழுகை முடிந்து ஓர் இளைஞர் என்னிடம் வந்தார். செல்போன் கடை வைத்திருப்பவர். ரீசார்ஜ், சர்வீஸ் எல்லாம் பார்க்கிறார். கூடவே மெமரி கார்டிலும் பென் டிரைவிலும் பாட்டும் படமும் ஏற்றிக் கொடுக்கிறார். "ஹஜ்ரத், உம்மாவை உம்ராவுக்கு அனுப்பக் காசு சேர்த்திருக்கிறேன். பாட்டு ஏற்றிக் கொடுத்த காசும் அதில் கலந்து கிடக்கிறது. அனுப்பலாமா?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அவரே சொன்னார்: "நான் யார் வீட்டிலும் புகுந்து எடுக்கவில்லை. நெட்டில் கிடக்கிறது, எடுக்கிறேன். நான் எடுத்ததால் யாருடையதும் குறையவில்லையே?"

இது அவர் ஒருவருடைய கேள்வி இல்லை. நம்மில் பலருடைய போனும் இதே கேள்வியைச் சுமந்துகொண்டுதான் பள்ளிவாசலுக்குள் வருகிறது. அதனால் இன்று இதைப் பேசுவோம்.

யாருக்கும் குறையவில்லையே?

ஃபிக்ஹு நூல்களில், தண்டனைக்குரிய திருட்டுக்குப் பல நிபந்தனைகள் உண்டு. பொருள் பாதுகாப்பான இடத்தில் இருந்திருக்க வேண்டும், மறைவாக எடுக்கப்பட்டிருக்க வேண்டும், குறிப்பிட்ட மதிப்பை எட்டியிருக்க வேண்டும். ஒரு பாட்டை நகல் எடுப்பது இந்தக் கணக்கில் அப்படியே பொருந்தாது. உண்மைதான். ஆனால் நம்பி ஒப்படைத்ததில் மோசடி செய்பவனுக்கும், பறித்துக்கொண்டு ஓடுபவனுக்கும்கூடக் கை வெட்டும் தண்டனை இல்லை என்று ஹதீஸில் வருகிறது. அதனால் மோசடி ஹலால் ஆகிவிட்டதா? தண்டனை வேறு, பாவம் வேறு.

டிக்கெட் எடுக்காமல் ரயிலில் போகிறவரும் இதைத்தான் சொல்கிறார். ரயில் எப்படியும் போகத்தான் போகிறது, சீட்டும் காலிதான், யாருக்கு நஷ்டம் என்கிறார். நாம் அதை ஏற்பதில்லை. ஏனென்றால் அந்தப் பயணத்துக்கு ஒரு விலை இருக்கிறது, அது கொடுக்கப்படவில்லை. நிஸா அத்தியாயத்தின் 29-ஆவது வசனத்தில், ஒருவர் பொருளை மற்றவர் தவறான வழியில் உண்பதை அல்லாஹ் தடுக்கிறான். இருவரும் மனமொப்பிச் செய்யும் வியாபாரத்தை மட்டும் அனுமதிக்கிறான். ஆக, எவ்வளவு குறைந்தது என்பதற்கு முன்னால், உரியவர் சம்மதித்தாரா என்பதைப் பார்க்க வேண்டும்.

உரிமை ஒரு சொத்தா?

கையால் தொட முடியாத உரிமையைச் சொத்து என்று சொல்லலாமா என்பதில் உலமாக்களிடம் கருத்து வேறுபாடு இருந்தது. இல்மை யாரும் பூட்டி வைக்கக் கூடாது, நூலை நகல் எடுப்பதைத் தடுக்க ஆசிரியருக்கு அதிகாரமில்லை என்று சொன்ன பெரியவர்கள் உண்டு. அவர்களுடைய கவலை நியாயமானது. ஆனால் 1988-ஆம் ஆண்டு குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி இதை ஆராய்ந்து தீர்மானம் போட்டது. வணிகப் பெயர், வணிகச் சின்னம், நூல் எழுதும் உரிமை, கண்டுபிடிப்பு ஆகியவை இன்றைய வழக்கில் பண மதிப்புள்ள உரிமைகள், ஷரீஅத் அவற்றை மதிக்கிறது, அவற்றில் அத்துமீறக் கூடாது என்பது அதன் சாரம். இன்று ஏராளமான உலமாக்கள் இந்த வழியில்தான் ஃபத்வா தருகிறார்கள்.

நாட்டுச் சட்டமும் இருக்கிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இல் வந்தது. அதன் 63-ஆவது பிரிவின்படி, தெரிந்தே உரிமையை மீறுபவருக்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. இலங்கையில் 2003-ஆம் ஆண்டின் 36-ஆம் இலக்க அறிவுசார் சொத்துச் சட்டம் இருக்கிறது. பாவமான காரியத்தை ஏவாத சட்டத்துக்குக் கட்டுப்படுவதும், கொடுத்த வாக்கைக் காப்பதும் முஃமினுடைய குணம்.

எடுப்பதோடு முடிவதில்லை

இளைஞர்களே, டொரன்ட் எப்படி வேலை செய்கிறது என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். 2001-இல் பிராம் கோஹன் என்பவர் இந்த முறையை உருவாக்கினார். ஒரு பெரிய கோப்பு சிறு சிறு துண்டுகளாகப் பிரிகிறது. ஒருவர் இறக்கிக்கொண்டிருக்கும்போதே, அவரிடம் வந்து சேர்ந்த துண்டுகள் இன்னொருவருக்குப் போய்க்கொண்டிருக்கும். நாம் வாங்குபவர் மட்டுமில்லை, அந்த நேரமே விநியோகிப்பவராகவும் ஆகிவிடுகிறோம். கம்ப்யூட்டரை அப்படியே விட்டுவிட்டுத் தூங்கப் போனால், நாம் தூங்கும்போதும் அது கொடுத்துக்கொண்டே இருக்கும்.

ஒரு தீய வழியைத் தொடங்கி வைத்தவருக்கு அதன் பாவமும், அதைப் பின்பற்றியவர்களின் பாவத்தில் பங்கும் உண்டு என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்ததை ஜரீர் (ரழி) அவர்கள் அறிவிக்கிறார்கள். ஸதகா ஜாரியாவுக்கு ஆசைப்படும் நாம், நம் பெயரில் ஒரு பாவம் ஓடிக்கொண்டிருக்க விடலாமா?

நாம் சொல்லும் சாக்குகள்

"அது காஃபிர்களுடைய கம்பெனிதானே" என்கிறார்கள் சிலர். ஹிஜ்ரத் இரவை நினைத்துப் பாருங்கள். கொல்லத் திட்டமிட்டவர்கள் வாசலில் நிற்கிறார்கள். அந்த மக்காவாசிகளின் அமானிதங்கள் நாயகம் (ஸல்) அவர்களிடம் இருந்தன. அவற்றை உரியவர்களிடம் ஒப்படைக்க அலீ (ரழி) அவர்களை விட்டுவிட்டுத்தான் புறப்பட்டார்கள். முகீரா (ரழி) அவர்கள் இஸ்லாத்துக்கு வருமுன் சக பயணிகளைக் கொன்று அவர்களுடைய பொருளை எடுத்துக்கொண்டு வந்தார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் அவருடைய இஸ்லாத்தை ஏற்றார்கள், அந்தப் பொருளில் தமக்குச் சம்பந்தமில்லை என்று விலகிக்கொண்டார்கள். இது புகாரியில் ஹுதைபிய்யா சம்பவத்தில் வருகிறது.

"பாட்டே ஹராம், அதற்கு ஏது உரிமை?" என்று கேட்பவரும் உண்டு. இது விசித்திரமான வாதம். ஹராம் என்று நம்பினால் கேட்காமல் இருக்க வேண்டும். கேட்கவும் செய்வேன், காசும் தர மாட்டேன் என்றால் ஒரு தவறு இரண்டாகிறது. ஆபாசமும் இசையும் நிறைந்த பாடல்களை விற்று வரும் காசு, உரிமம் வாங்கி விற்றாலும் நல்ல காசு ஆகாது என்பதையும் மறக்க வேண்டாம்.

"ஏழை மாணவன், புத்தகம் வாங்க வசதியில்லை" என்பவருடைய நிலை வேறு. சட்டமே இதற்கு இடம் வைத்திருக்கிறது. சொந்தப் படிப்புக்கும் ஆய்வுக்கும் நியாயமான அளவில் பயன்படுத்துவதை 52-ஆவது பிரிவு அனுமதிக்கிறது. டெல்லிப் பல்கலைக்கழக ஜெராக்ஸ் வழக்கில், பாடத்துக்குத் தேவையான பகுதிகளை நகல் எடுத்துத் தொகுத்துக் கொடுப்பது உரிமை மீறல் ஆகாது என்ற நிலையை டெல்லி உயர் நீதிமன்றம் 2016-இல் எடுத்தது. ஆனால் கல்விக்கான சலுகையைக் காட்டி நேற்று வெளியான படத்தை இறக்குவது நமக்கு நாமே செய்துகொள்ளும் ஏமாற்று.

பகிர்வதே தவறு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். லினக்ஸ் போல, எடுத்துக்கொள்ளுங்கள், பிறருக்கும் கொடுங்கள் என்று உரியவரே திறந்து வைத்த மென்பொருள்கள் உண்டு. பதிப்புரிமைக் காலம் முடிந்த நூல்கள் உண்டு. அனுமதியோடு வெளியிடப்பட்ட பயான்களும் கிராஅத்களும் உண்டு. இவற்றை டொரன்ட் வழியாகப் பகிர்ந்தாலும் குற்றமில்லை. கருவியில் ஹராம் இல்லை. சம்மதமின்றி எடுப்பதில்தான் இருக்கிறது.

இனி என்ன செய்வது?

பிறர் உரிமை சம்பந்தப்பட்ட தவ்பாவுக்கு நான்கு படிகள் உண்டு. வருந்த வேண்டும், உடனே நிறுத்த வேண்டும், இனி செய்வதில்லை என்று உறுதி கொள்ள வேண்டும், உரியவருக்குச் சேர வேண்டியதைச் சேர்க்க வேண்டும். போனிலும் கம்ப்யூட்டரிலும் இருப்பதை அழியுங்கள். பயன்படுத்தும் மென்பொருளுக்குக் காசு கட்டுங்கள், முடியாவிட்டால் இலவச மாற்றைத் தேடுங்கள். உரியவரை அடைய வழியே இல்லாதபோது, அந்த அளவு பணத்தை நன்மையை எதிர்பார்க்காமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று உலமாக்கள் சொல்கிறார்கள்.

அந்த இளைஞரிடமும் இதைத்தான் சொன்னேன். ரீசார்ஜும் சர்வீஸும் ஹலாலான உழைப்பு, அதில் சந்தேகம் வேண்டாம். பாட்டு ஏற்றிய காசு எவ்வளவு இருக்கும் என்று மனசாட்சிப்படி, கொஞ்சம் கூடுதலாகவே மதிப்பிட்டுத் தனியாக எடுத்துவிடுங்கள் என்றேன். நீண்ட பயணம் செய்து, தலைவிரி கோலமாய், கைகளை வானத்தை நோக்கி உயர்த்தி ரப்பை அழைக்கும் ஒரு மனிதரைப் பற்றி நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னதை நினைவுபடுத்தினேன். அவர் உண்டதும் குடித்ததும் உடுத்தியதும் ஹராம். அவருடைய துஆ எப்படி ஏற்கப்படும் என்று கேட்டார்கள்.

அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அப்படி எடுத்தால் உம்மாவின் பயணம் சில மாதம் தள்ளிப் போகும் ஹஜ்ரத்" என்றார். தள்ளிப் போகட்டும். கஅபாவின் முன் நின்று அந்தத் தாய் கையேந்தும்போது, இடையில் எதுவும் தடையாக நிற்காமல் இருப்பதல்லவா முக்கியம்?

யா அல்லாஹ்! எங்கள் ரிஸ்க்கை ஹலாலாக்கி, அதில் பரக்கத் செய்வாயாக. தெரிந்தும் தெரியாமலும் பிறர் உரிமையில் நாங்கள் கை வைத்ததை மன்னித்து, மறுமையில் கடனாளிகளாக உன் முன் நிற்காமல் எங்களைக் காப்பாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.