விற்ற இடத்தை மறுமுறை விற்கலாமா?

வாணிபத்தில் பழம் தின்று கொட்டை போட்ட நம்மவர்களிடம் ஒரு கேள்வி. 100 கூடை தக்காளி மட்டுமே காய்க்கும் தோட்டத்தை நம்பி 110 கூடைக்கு முன்பணம் வாங்கலாமா? "பணம் கட்டியவர்களில் பத்துப் பேர் எப்படியும் எடுக்க வரமாட்டார்கள், இது நான் அனுபவத்தில் கண்டது" என்று ஒருவர் சொன்னால் அவரை நாணயஸ்தர் என்போமா? கம்போங் ராஜாக் கடைத்தெருவில் இதைக் கேட்டால் பெரும்பாலோர் கூடாது என்றே சொல்வர். ஆயினும் ஊருக்குப் போக விமானச் சீட்டு வாங்கும்போது நம்மில் பலர் இதே முறையில் நடக்கும் வியாபாரத்துக்குத்தான் பணம் கட்டுகிறோம்.

விஷயம் இதுதான். 180 பேர் அமரக்கூடிய விமானத்துக்கு 185 அல்லது 190 சீட்டுகளை விற்பது பல கம்பெனிகளின் வழக்கம். சில கம்பெனிகள் தாங்கள் அவ்வாறு செய்வதே இல்லை என்று அறிவித்திருக்கின்றன. மற்றவை செய்கின்றன, பல நாடுகளின் சட்டமும் அதைத் தடுப்பதில்லை. சீட்டு வாங்கியவர்களில் சிலர் கடைசி நேரத்தில் வராமற் போவார்கள் என்ற கணக்கே இதற்கு ஆதாரம். கணக்குச் சரியாக அமைந்தால் ஒருவருக்கும் தெரியாமலே விமானம் நிறைந்து போய்விடும். கணக்குப் பிசகினால், பெட்டி படுக்கையுடன் வந்து நிற்கும் ஒருவரிடம் "இடமில்லை, நாளை போங்கள்" என்கிறார்கள்.

கம்பெனியார் பக்கத்து நியாயத்தையும் கேட்கத்தான் வேண்டும். விமானம் தரையை விட்டுக் கிளம்பிய மறுகணம் அதில் காலியாக உள்ள இடத்துக்குக் காசு மதிப்புக் கிடையாது. இரவோடிரவாகக் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் முட்டைக்கோஸ் லாரி அனுப்பும் நம் மலைநாட்டு வியாபாரிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. லாரியைத் தவறவிட்ட கோஸாவது மறுநாள் பாதி விலைக்குப் போகும், விமான இடம் அதற்கும் உதவாது. காலி இடம் குறைந்தால் எல்லோருக்கும் கட்டணம் குறையும் என்பதும் ஓரளவு உண்மையே. மேலும், இந்த நோய்க்கு நாமும் வித்திட்டவர்கள்தாம். கல்யாணத் தேதி உறுதியாகவில்லை என்று இரண்டு நாட்களுக்கு இடம் பிடித்து வைத்து, ஒன்றைச் சொல்லாமலே கைவிடுவோர் நம்மிடையே இல்லையா?

ஆனால் இந்த நியாயம் பிறந்த காலம் வேறு. ஆரம்ப காலத்தில் முன்கூட்டி இடத்தைப் பதிந்துவிட்டு, வராமற் போனாலும் பிரயாணிக்குப் பெரிய நஷ்டம் இராது, நஷ்டம் கம்பெனிக்கே. இன்றோ மலிவுச் சீட்டு வாங்கியவர் வராவிட்டால் அவர் கட்டிய கட்டணம் பெரும்பாலும் திரும்புவதில்லை. அந்த இடத்துக்குரிய விலையைக் கம்பெனி முன்பே பெற்றுக்கொண்டாயிற்று. அதே இடத்துக்கு இன்னொருவரிடமும் விலை வாங்குவதை நஷ்டத்தைத் தவிர்ப்பது என்று சொல்ல முடியாது. அது ஒரு சரக்குக்கு இரட்டை விலை.

இங்கே ஒருவர் குறுக்கிட்டு, "கம்பெனி நாற்காலியை விற்கவில்லை, கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பைத்தான் விற்றது. இன்றில்லாவிட்டால் நாளை சேர்க்கிறது" என்று வாதிக்கலாம். கையில் இல்லாத சரக்கை விற்பதை விலக்கி, ஸலம் என்னும் முன்பண வாணிபத்தை நிபந்தனைகளோடு அனுமதிக்கும் பிக்ஹு நூல்களைப் படித்தோர், இந்த வாதத்தின் நுட்பத்தை உடனே காண்பர். ஸலத்திலும் சரக்கை ஒப்படைக்கும் காலம் நிர்ணயமாக இருந்தாக வேண்டும் என்பதையும் அவர்களே அறிவர். 1926-ல் கட்டப்பட்ட ரஜூலாக் கப்பலில் நம் முன்னோர் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஏறிப் பினாங்கில் இறங்கினர். மேல்தட்டில் பாயை விரித்துக்கொண்டு போன அந்தப் பயணத்தில் இன்னும் நான்கு பேர் வந்தால் சற்று நெருங்கிப் படுத்தால் போதும். பல நாள் கடலில் போவதால் ஒரு நாள் முன்பின் ஆவதும் பெரிதன்று. விமானத்தில் நெருங்கி உட்கார வழியில்லை. விரைவு என்னும் ஒன்றுக்காகவே அங்கே கூடுதல் விலை கொடுக்கிறோம். அந்த நேரத்தை எடுத்துவிட்டால் நாம் வாங்கிய பொருளில் மிஞ்சுவது என்ன?

மிகுதியாக விற்பதே பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. ஊகம் இல்லாத வாணிபம் உலகில் இல்லை. 110 கூடைக்கு ஒப்புக்கொண்ட வியாபாரி, தோட்டத்தில் குறைந்தால் பக்கத்துத் தோட்டத்தில் கூடுதல் விலை கொடுத்து வாங்கியாவது வாடிக்கைக்காரருக்கு அனுப்பிவிடுகிறார். ஊகம் அவருடையது, ஊகம் பொய்த்த நஷ்டமும் அவருடையது. விமானக் கம்பெனியின் காரியத்தில் கோணல் எங்கே என்றால், ஊகத்தின் லாபம் ஒருவருக்கும் அதன் நஷ்டம் வேறொருவருக்கும் போவதில்தான். அந்த வேறொருவர் யார்? வழக்கமாக, கடைசியில் வந்து நிற்பவர், மலிவுச் சீட்டுக்காரர், அடிக்கடி பறப்பவர் என்ற சலுகை அட்டை இல்லாதவர். மழையில் சிம்பாங் பூலாய்ச் சாலையில் மண் சரிந்து, பிரிஞ்சாங், தானா ராத்தா, ரிங்லெட் வழியாகத் தாப்பாவுக்குச் சுற்றி இறங்கி, பள்ளி விடுமுறைக் கார் நெரிசலில் ஊர்ந்து விமான நிலையம் சேரும் கடைச் சிப்பந்திக்கு இந்த மூன்று அடையாளமும் பொருந்தும்.

இந்தக் கேள்வி ஒருமுறை அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1972 ஏப்ரலில் ரால்ப் நேடர் என்ற நுகர்வோர் உரிமைப் போராளி, ஹார்ட்போர்டில் ஒரு நிதி திரட்டும் கூட்டத்தில் பேச வாஷிங்டனிலிருந்து புறப்பட வந்தார். உறுதி செய்த சீட்டு கையில் இருந்தும் அலகேனி ஏர்லைன்ஸ் கம்பெனி அவரை ஏற்றவில்லை. அவர் வழக்காடினார். முன்கூட்டியே சொல்லாமல் இப்படி மிகுதியாக விற்பது பிரயாணியை ஏமாற்றுவதாகும் என்ற வழக்கைத் தொடர்ந்து நடத்தலாம் என்று 1976-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கும் முன்னால், 1968-ல், ஜூலியன் சைமன் என்ற பொருளியல் அறிஞர் ஒரு யோசனை எழுதியிருந்தார். இடம் போதாதபோது யாரையும் பிடித்துத் தள்ளாதீர்கள். எவ்வளவு கொடுத்தால் பின்னால் வரச் சம்மதிப்பீர்கள் என்று பிரயாணிகளையே கேளுங்கள். குறைவாகக் கேட்பவருக்குக் கொடுத்து அவரை நிறுத்துங்கள். கம்பெனிகள் நகைத்தன. பத்து ஆண்டுகள் கழித்து, 1978-ல், அமெரிக்க அரசின் விமானப் போக்குவரத்து வாரியம் முதலில் மனமொப்பி விலகுவோரைத் தேட வேண்டும் என்று விதித்தது. பின்னர் உலகின் பல பாகங்களில் அதுவே நடைமுறையாயிற்று.

இந்த யோசனையின் அழகு எனக்கு மிகவும் பிடிக்கும். தாயின் ஜனாஸாவுக்கு விரைபவர் எந்த விலைக்கும் தம் இடத்தை விடமாட்டார். இரண்டு நாள் முன்பாகவே ஊர் சேரப் புறப்பட்டவர் நல்ல தொகைக்கு விட்டுக்கொடுப்பார். யாருக்கு அவசரம் அதிகம் என்று அதிகாரி தீர்மானிக்க வேண்டியதில்லை, அவரவரே சொல்லிவிடுகிறார்கள். இரு தரப்பின் மனப்பொருத்தம் இல்லாத பேரம் பேரமாகாது என்பது நாம் தலைமுறையாகக் கேட்டு வளர்ந்தது.

ஆனால் விலை ஏற இடம் கொடுக்காத ஏலம் ஏலமன்று. 2017 ஏப்ரல் 9-ஆம் தேதி சிகாகோவிலிருந்து லூயிவில் செல்லவிருந்த யுனைடெட் கம்பெனி விமானத்தில் பிரயாணிகள் ஏறி அமர்ந்த பின், கம்பெனியின் சிப்பந்திகள் நால்வருக்கு இடம் தேவைப்பட்டது. 800 டாலர் மதிப்புள்ள சீட்டு வரை கொடுப்பதாகச் சொன்னார்கள். யாரும் எழவில்லை. அத்தோடு நிறுத்திக்கொண்டு, நால்வரைத் தாங்களாகவே தேர்ந்தெடுத்தார்கள். அவர்களில் ஒருவர் மருத்துவர். மறுநாள் நோயாளிகளைப் பார்க்க வேண்டும் என்று எழ மறுத்தார். அதிகாரிகள் அவரை இரத்தம் சிந்த இழுத்துச் சென்றதை உலகமே படத்தில் பார்த்தது. அதன் பிறகு அந்தக் கம்பெனி உச்சத் தொகையை 10,000 டாலராக உயர்த்தியது. முதல் நாளே இன்னும் சில நூறு டாலர் கூட்டிக் கேட்டிருந்தால் யாரோ ஒருவர் சிரித்துக்கொண்டே இறங்கியிருப்பார்!

ஏழை பணத்துக்காகத் தன் நேரத்தை விற்பது மட்டும் சுதந்திரமான சம்மதமா என்று கேட்பார்கள். நல்ல கேள்விதான். முழுச் சுதந்திரம் என்று சொல்லமாட்டேன். ஆனாலும் காசில்லாமல் தள்ளப்படுவதைவிட, காசு பெற்றுக்கொண்டு விலகுவது அவனுக்கு மேல்.

இப்போதைய விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பிய ஒன்றியம் 2004-ல் செய்த விதிப்படி, விருப்பமின்றி நிறுத்தப்பட்டவருக்குத் தூரத்தைப் பொறுத்து 250 முதல் 600 யூரோ வரை உண்டு. இந்தியாவில், ஒரு மணி நேரத்துக்குள் புறப்படும் மாற்று விமானம் கொடுத்தால் இழப்பீடு இல்லை. 24 மணி நேரத்துக்குள் என்றால் 10,000 ரூபாய் வரையும், அதற்கும் மேலென்றால் 20,000 ரூபாய் வரையும் கட்டணத்தை ஒட்டிக் கணக்கிடுவர். மலேசியாவில் 2016-ஆம் ஆண்டின் விமானப் பயணிகள் பாதுகாப்பு விதித்தொகுப்பு இருக்கிறது. நிறுத்தப்பட்டவர் முழுப் பணத்தையோ மாற்று விமானத்தையோ கேட்கலாம், காத்திருக்கும் நேரத்தில் உணவும், இரவு தங்க நேர்ந்தால் அறையும் கேட்கலாம். விமானப் போக்குவரத்து ஆணையம் 2025 ஆகஸ்ட் முதல் சிவில் விமானத் துறை ஆணையத்தோடு இணைந்துவிட்டதால் புகார் இனி அங்கேதான். நம்மவர் செய்யும் தவறு, கவுண்டரில் சத்தம் போட்டுவிட்டு ஒரு துண்டுக் காகிதமும் வாங்காமல் வந்துவிடுவது. இடமில்லாததால் ஏற்றவில்லை என்று எழுதி வாங்குங்கள். தாமதமாக வந்தார் என்று கணக்கில் எழுதிவிட்டால் உரிமை போயிற்று.

இனி நம் வீட்டுக் கணக்குக்கு வருவோம். மேற்சொன்னதெல்லாம் கம்பெனிக்கும் பிரயாணிக்கும் இடையிலானது. நம் சங்கத்தாரில் பலர் முதலாளிகள். 1955-ஆம் ஆண்டின் வேலைச் சட்டம் தரும் வருட ரஜா, ஐந்தாண்டுக்கு மேல் உழைத்தவருக்கும் 16 நாளே குறைந்த அளவு. கம்போங் ராஜாவிலிருந்து விமான நிலையம் போகவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம்; திருச்சியில் இறங்கி ஊர் போய்ச் சேர மேலும் நேரம். அதில் ஒரு நாளைக் கம்பெனி விழுங்கிவிட்டால், பிள்ளை முகம் பார்க்கும் நாட்களில் ஒன்று குறைகிறது. திரும்பும்போது இடம் மறுக்கப்பட்டால் வேலைக்கு வருவது தாமதமாகிறது. இரண்டு வேலை நாளுக்கு மேல் அனுமதியின்றி வராதவர் ஒப்பந்தத்தை முறித்தவர் என்கிறது அதே சட்டம்; ஆனால் தக்க காரணம் இருந்து, கூடிய விரைவில் தெரிவித்திருந்தால் அல்லது தெரிவிக்க முயன்றிருந்தால் அவ்வாறு கொள்ளலாகாது என்றும் சொல்கிறது. ஆகவே சிப்பந்தி விமான நிலையத்திலிருந்தே தகவல் அனுப்ப வேண்டும். அனுப்பினால் முதலாளி சந்தேகிக்கக் கூடாது.

சம்பளம் பிடிக்கலாமா? "நானா விமானத்தை மிகுதியாக விற்றேன்?" என்று முதலாளி கேட்பது நியாயமாகத்தான் தோன்றுகிறது. நான்கே பேர் வேலை செய்யும் சாப்பாட்டுக் கடையில் ஒருவர் வராவிட்டால் மற்ற மூவரும் அவர் பங்கையும் சுமக்கிறார்கள், அதையும் மறக்கலாகாது. எனினும் சீட்டைத் தேர்ந்தெடுத்தவர் யார் என்று பாருங்கள். இருபது முப்பது ரிங்கிட் மிச்சமாகும் என்று முதலாளியே மிக மலிவான சீட்டை வாங்கிக் கொடுத்திருந்தால், அந்தச் சீட்டோடு வந்த ஆபத்தும் அவரைச் சேர்ந்தது, பிடிப்பது முறையாகாது. சிப்பந்தி தானே வாங்கியதென்றால், போன நாளை அடுத்த ரஜாவில் கழித்துக்கொள்வது இருவருக்கும் தாங்கக்கூடியது.

இன்னொரு வழக்கு அடிக்கடி எழுகிறது. சீட்டுக்குப் பணம் கொடுத்தவர் முதலாளி. விமானக் கம்பெனி இழப்பீடு கொடுத்தால் அது யாருக்கு? திரும்பி வந்த கட்டணம் முதலாளியுடையது, அதில் சந்தேகமில்லை. இழப்பீடு அப்படியன்று. அது சீட்டின் விலையல்ல. பெஞ்சில் படுத்து விடியும்வரை காத்திருந்தவனின் இரவுக்கும், வீட்டில் சமைத்து வைத்துக் காத்திருந்தவர்களின் ஒரு நாளுக்கும் உரிய விலை. அந்த இரவை முதலாளி கழிக்கவில்லை. ஆகவே அந்தப் பணம் சிப்பந்தியின் ஹக்கு. அதைச் சம்பளக் கணக்கில் வரவு வைத்துக் கழிக்கவும் கூடாது.