தேய்ந்தது எது?

"உங்க லேத் கோணலா வெட்டுது, பெரியப்பா. பெட் தேஞ்சு போச்சு."

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அவர் பசியாறிக்கொண்டு இருக்கும்போது அவர் முகத்துக்கு நேராகவே இதைச் சொன்னேன். தோசையைப் பிய்த்த கை ஒரு கணம் நின்றது. "அப்படியா?" என்று கேட்டுவிட்டு மறுபடியும் சாப்பிட ஆரம்பித்தார். பெரியம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். எனக்கு அது உறைக்கவில்லை. கையில் மைக்ரோமீட்டர் இருந்தது, நோட்டுப் புத்தகத்தில் எண்கள் இருந்தன. எண் பொய் சொல்லாது என்ற தைரியம் எனக்கு.

எண் பொய் சொல்லவில்லைதான். அதை நான் படித்த விதம்தான் பொய்.

முதலில் அந்த லேத்தைப் பற்றிக் கொஞ்சம். சுங்கை சிப்புட்டில் பெரியப்பா வீட்டுக்குப் பின்னால் ஒரு ஜிங்க் கொட்டகை. அதில் ஒரு மைஃபோர்ட் எம்.எல்.7. இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் பக்கம் பீஸ்டன் என்ற ஊரில் செய்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு வந்த மாடல். மேசை மேல் வைக்கிற சின்ன லேத்துதான். தோட்டத்து ஃபேக்டரி வேலையை விட்ட பிறகு பெரியப்பா இதை ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து செகண்ட் ஹேண்டாக வாங்கினாராம். ரப்பர் ஷீட் உருட்டும் மெஷினுக்குப் புஷ், தண்ணீர்ப் பம்புக்கு ஷாஃப்ட், மோட்டார் சைக்கிளுக்கு ஸ்பேசர் என்று வந்ததையெல்லாம் கடைந்து கொடுத்து மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தார். இப்போது அவருக்கு வயது எழுபத்தெட்டு. கை நடுங்குகிறது. பத்து வருடமாக லேத் கேன்வாஸ் துணிக்குள் கிடந்தது. பழைய இரும்புக்காரர் வந்து எடைக்கு விலை பேசிவிட்டுப் போன அன்றுதான் பெரியம்மா எனக்குப் போன் செய்தார்கள். "நீதான் மெஷினுக்குப் படிச்சிருக்கியே, வந்து பாரேன்பா."

நான் படித்தது உண்மை. பினாங்கில் கம்ப்யூட்டர் ஓட்டும் மெஷின் ஒன்றைக் கவனித்துக்கொள்கிறேன். ஆனால் அங்கே பட்டனைத் தட்டினால் அதுவே வெட்டிக்கொள்ளும். கைப்பிடியைச் சுற்றி ஓட்டும் லேத்தை நான் அதற்கு முன் தொட்டதுகூட இல்லை. இதைப் பெரியம்மாவிடம் சொல்லவில்லை.

லேத்துக்குத் தமிழில் கடைசல் இயந்திரம் என்று பெயர். மோர் கடைவதும் இரும்பைக் கடைவதும் நம் மொழியில் ஒரே சொல். வேலைப்பொருள் சக்கில் மாட்டிச் சுழலும். கத்தியைப் பிடித்த சேடில் பெட்டின் மேல் ஊர்ந்து போகும். பெட் நேராக இருந்தால் கடைந்த தண்டும் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே பருமனாக வரும். பெட் தேய்ந்தால் தண்டு ஒரு பக்கம் பருத்து ஒரு பக்கம் மெலியும். பழைய லேத்தைச் சோதிக்க விரும்புகிறவர்கள் முதலில் பார்ப்பது இதைத்தான்.

நானும் அதைத்தான் செய்தேன். கொட்டகைக்குள் மழைத்தண்ணீர் வருகிறது என்று லேத்தை முன் தாழ்வாரத்துக்கு மாற்றினேன். நண்பர்கள் நாலு பேர் தூக்கினோம். பழைய ஸ்டாண்டிலிருந்து கழற்றும்போது ஒரு காலுக்கு அடியில் மடித்த பால் டின் தகடு இருந்தது. துருப்பிடித்த குப்பை. தூக்கிக் குப்பையில் போட்டேன். புதிதாக இரும்பு ஸ்டாண்ட் வெல்டிங் செய்து, சிமெண்டுத் தரையில் ஊன்றி, நாலு போல்ட்டையும் பலம்கொண்ட மட்டும் முறுக்கினேன். அசையவே கூடாதல்லவா! பிறகு 25 மி.மீ. இரும்புத் தண்டு ஒன்றைச் சக்கில் பிடித்து, 100 மி.மீ. தூரத்துக்கு மெல்லிசாக ஒரு வெட்டு வெட்டி, இரண்டு முனையிலும் அளந்தேன். வெளிமுனை 0.08 மி.மீ. பருமன். தலைமுடி அளவுதான், ஆனால் பேரிங் உட்கார வேண்டிய இடத்தில் தலைமுடி ரொம்பப் பெரிய விஷயம். உடனே தீர்ப்பு எழுதிவிட்டேன்: பெட் தேய்ந்துவிட்டது.

வேலையிடத்தில் ஒரு மூத்த டெக்னீஷியன் இருக்கிறார். மலாய்க்காரர், எல்லாரும் பாக் சிக் என்றுதான் கூப்பிடுவோம். அவரிடம் பெருமையாக என் கண்டுபிடிப்பைச் சொன்னேன். அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: எந்தப் பக்கம் பருமன்? வெளிமுனை என்றேன். சிரித்தார். அவர் விளக்கியது இது. லேத்தில் பெரும்பாலான வேலை சக்குக்குப் பக்கத்தில்தான் நடக்கும், அதனால் பெட்டும் அங்கேதான் தேயும். தேய்ந்த பள்ளத்தில் சேடில் முன்பக்கமாகச் சாயும், கத்தி வேலைப்பொருளை விட்டு விலகும், ஆகவே சக்குப் பக்கம்தான் பருமனாக வரவேண்டும். "உனக்கு நேர்மாறாக வந்திருக்கிறது. பெட்டைத் திட்டுவதற்கு முன்னால் லந்தாய் பார்த்தாயா?" லந்தாய் என்றால் தரை.

பார்க்கவில்லை. வார்ப்பிரும்பு பெட் நமக்குப் பாறை மாதிரி தெரியும். ஆனால் சமமில்லாத நாலு கால்களில் வைத்து முறுக்கினால் அது ஈரத்துணி மாதிரி முறுக்கிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாது, கத்திக்குத் தெரியும். அந்த வார இறுதியில் போல்ட்டுகளைத் தளர்த்தினேன். வால்பக்கத்து முன்காலுக்கு அடியில் குளிர்பான டின்னிலிருந்து வெட்டிய தகடுகளை ஒவ்வொன்றாக வைத்து, கடைந்து, அளந்து, மறுபடி தளர்த்தி, மறுபடி வைத்து, ஞாயிறு சாயங்காலம் வரை இழுத்தது. 0.08 குறைந்துகொண்டே வந்து, பிறகு மறுபக்கம் திரும்பியது. கால்கள் சமமான நிலையில் சக்குப் பக்கம் 0.02 பருமன். பெட்டின் உண்மையான தேய்மானம் அந்த 0.02 மட்டும்தான். மிச்சமெல்லாம் நான் முறுக்கிய முறுக்கு.

டின் தகட்டைக் கத்தரித்துக்கொண்டு இருந்தபோதுதான் அந்தப் பால் டின் ஞாபகம் வந்தது. கத்தரியைக் கீழே வைத்துவிட்டேன்.

உள்ளே போய்ப் பெரியப்பாவிடம் கேட்டேன். "அந்தத் தகடு எதுக்குன்னு ஏன் பெரியப்பா நீங்க சொல்லல?"

"நீ கேக்கலையே, தம்பி. கோணல்னு முடிவோட வந்து சொன்ன. முடிவு பண்ணுனவன்கிட்ட என்னத்தச் சொல்றது?"

நண்பர்களே, நம் மன்றத்துக் கூட்டங்களில் அடிக்கடி வருகிற ஒரு வாக்குவாதம் இருக்கிறது. பெரியவர்கள் விட்டுச் சென்ற வழக்கங்களில் எதை வைத்துக்கொள்வது, எதை எடுத்துவிடுவது? நான் எப்போதும் எடுத்துவிடுகிற கட்சியில் உட்காருவேன். காரணம் தெரியாத சடங்கு, கணக்கில்லாத செலவு, அர்த்தம் புரியாத ஆர்ப்பாட்டம் எல்லாம் தேய்ந்த பெட் மாதிரி என்று இதே வார்த்தையில் பேசியும் இருக்கிறேன். இந்த லேத் என்னைக் கட்சி மாற வைக்கவில்லை. ஆனால் பேசுவதற்கு முன் ஒரு கேள்வியை வாயில் திணித்துவிட்டது. நான் பார்க்கிற கோணல் அதில் இருக்கிறதா, அல்லது அதைக் கழற்றிக் கொண்டுவந்து என் தரையில் வைத்து முறுக்கியதால் வந்ததா? தோட்டத்தில் ஐம்பது குடும்பம் ஒன்றாக நின்று செய்த ஒரு திருவிழாவை டாமானில் பத்துக் குடும்பம் செய்யும்போது அது கோணலாகத் தெரிகிறது. அதற்காகத் தோட்டத்துக்காரர்கள் முட்டாள்கள் ஆகிவிடுவார்களா?

இதைச் சொன்னதும் சிலர் சந்தோஷமாகத் தலையாட்டுவார்கள் என்று தெரியும். பெரியவர்கள் செய்ததெல்லாம் சரி, நமக்குத்தான் புரியவில்லை, அவ்வளவுதானே? அவ்வளவு இல்லை. அந்தப் பால் டின் தகட்டை நான் பத்திரமாக எடுத்து வைத்து, புதுத் தரையில் அதே காலுக்கு அடியில் பக்தியோடு வைத்திருந்தாலும் லேத் கோணலாகத்தான் வெட்டியிருக்கும். அது அந்தக் கொட்டகையின் தரைக்கு அளந்து வைத்தது. எனக்கு வேண்டியிருந்தது தகடு இல்லை, தகடு ஏன் என்ற விஷயம்.

அந்த 0.02 உண்மை என்பதையும் மறைக்கக் கூடாது. அது பெரியப்பாவின் கணக்கு. வார்ப்பிரும்பைக் கடைந்தால் கரித்தூள் மாதிரி ஒரு தூள் கொட்டும். எண்ணெயோடு சேர்ந்தால் அது அரைக்கும் பசை. வேலை முடிந்ததும் துடைத்து, எண்ணெய் விட்டு மூடவேண்டும். அவர் பல வருடம் துடைக்கவே இல்லை. நான் கேட்டபோது அவரே ஒத்துக்கொண்டார். "ராத்திரி பத்து மணிக்கு முடிப்பேன், காலையில ஆறு மணிக்கு அடுத்த ஆள் நிப்பான். எங்க துடைக்கிறது?" சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து, "துடைச்சிருக்கலாம்" என்றார். இரண்டு வாக்கியத்தையும் நான் நம்புகிறேன். வறுமையும் உண்மை, அலட்சியமும் உண்மை. ஒன்றைச் சொல்லி இன்னொன்றை அழித்துவிட்டால் அது அளவு இல்லை, சாதகமான சாட்சி.

அதைவிட என்னைச் சங்கடப்படுத்தியது வேறொன்று. பெட்டின் முன்பக்கத்தில் மூன்று துருக்குழிகள், ஒரே வரிசையில், ஐந்து சென் காசு அளவில். முதல் நாளே கண்ணில் பட்டவை அவைதான். எமரி பேப்பரை எடுத்துத் தேய்க்கவும் ஆரம்பித்துவிட்டேன் (பெட்டில் எமரி பேப்பர் போடுவது மகா பாவம் என்று பிறகுதான் தெரிந்தது, அந்தப் பொடி இரும்பில் பதிந்து, போகிற வருகிற சேடிலை அரைத்துக்கொண்டே இருக்கும். மண்ணெண்ணெயும் பழைய பிளேடும் போதும்). அது என்ன துரு, வரிசை வைத்துப் பிடிக்கிறது என்று பெரியம்மாவிடம் கேட்டேன். ஆயுத பூஜைக்கு வருடாவருடம் சந்தனம் வைக்கிற இடமாம். ஈரச் சந்தனம், அதன் மேல் குங்குமம், சுத்தமான இரும்பில், துடைக்காமல், பல வருடம். நாம் கும்பிட்ட இடத்திலேயே துரு.

சிரிப்பதா வருத்தப்படுவதா என்று தெரியவில்லை. வருடத்துக்கு ஒருநாள் மாலை போட்டுச் சூடம் காட்டினோம், மற்ற நாள் எண்ணெய் விடவில்லை. இதை வைத்து ஒரு சூடான கட்டுரை எழுதலாம் என்றுகூடத் தோன்றியது. ஆனால் அளந்து பார்த்தபோது அதிலும் எனக்கு ஓர் அடி. அந்தக் குழிகளால் லேத்துக்கு ஒரு கெடுதலும் இல்லை. சேடில் சின்னப் பள்ளத்தின் மேல் தாண்டிப் போய்விடும். பள்ளத்தில் கொஞ்சம் எண்ணெய் தங்கும், அது நல்லதுகூட. புது லேத்தின் பெட்டிலேயே எண்ணெய் தங்கட்டும் என்று கைச்சீவலால் சின்னச் சின்னப் பள்ளங்கள் போடுவது உண்டு. கண்ணை உறுத்திய குழி வேலையைக் கெடுக்கவில்லை. வேலையைக் கெடுத்த தேய்மானமோ கண்ணாடி மாதிரி பளபளவென்று அழகாக இருந்தது.

பெட்டை அரைத்து நேராக்கலாமா என்று விசாரித்தேன். கேட்ட கூலி லேத்தின் விலையைவிட அதிகம். சேடிலை இறுக்கிப் பார்த்தேன். அடியில் கிப் என்று ஒரு பட்டை இருக்கிறது, அதை இறுக்கினால் ஆட்டம் போகும். சக்குப் பக்கம் ஆட்டமே இல்லாமல் இறுக்கினேன். அருமையாக வெட்டியது. வால்பக்கம் தள்ளினேன், நடுவழியில் சிக்கி நின்றுவிட்டது. தேய்ந்த இடத்துக்குச் சரியான இறுக்கம் தேயாத இடத்தை நகரவே விடாது. இரண்டுக்கும் நடுவில் ஓர் அளவு பிடித்து வைத்தேன். முழுத்திருப்தி இல்லை. ரொம்பக் கண்டிப்பான ஒரு வாத்தியார் ஞாபகத்துக்கு வந்தார், அது போகட்டும்.

"இந்த 0.02-ஐ வச்சுக்கிட்டு எப்படி பெரியப்பா பேரிங் சைஸுக்குக் கடைஞ்சீங்க?" என்று கேட்டதற்கு அவர் ஒரு பழைய தண்டைக் கொண்டுவரச் சொன்னார். கடைசி வெட்டுக்கு முன்னால் கைப்பிடியைச் சும்மா தொடுகிற மாதிரி ஓர் அழுத்தம், பருத்த பக்கம் மட்டும் அரத்தால் இரண்டு இழுப்பு. அதைச் சொல்லித் தரத்தான் முடிந்தது, செய்து காட்ட முடியவில்லை. மெஷின் தேயத் தேய அவர் கை கற்றுக்கொண்டே வந்திருக்கிறது. அதனால் அவர் ஓட்டியவரை அந்த லேத்தில் குறை இல்லை. எனக்கு வந்து சேர்ந்தது லேத் மட்டும், கை வரவில்லை. அந்த 0.02 அவருக்கு ஒன்றுமில்லை, எனக்கு நிறைய.

கோயிலைத் திருப்பணிக்கு எடுக்கும்போது முதலில் பாலாலயம் செய்கிறோம். உளியை வைப்பதற்கு முன், உள்ளே இருப்பவரிடம் உத்தரவு கேட்டு, வேறோர் இடத்தில் எழுந்தருளச் செய்கிறோம். இதை ஒரு சம்பிரதாயமாக மட்டுமே நான் நினைத்திருந்தேன். இந்த லேத்தைக் கழற்றிய அன்று பெரியப்பா உள்ளறையில்தான் இருந்தார், ஸ்பானர் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கும். நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவருக்குத் தொந்தரவு வேண்டாம் என்று நினைத்ததாக அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இப்போதெல்லாம் மாதம் இரண்டு ஞாயிறு போகிறேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து சத்தத்தை மட்டும் கேட்பார். "வேகம் ஜாஸ்தி", "கத்தி மழுங்கிருச்சு" என்று பார்க்காமலே சொல்வார். பெரும்பாலும் சரியாக இருக்கும். ஒருமுறை தப்பாகச் சொன்னார், பெல்ட் சத்தத்தைக் கத்திச் சத்தம் என்று. நான் காட்டினேன். "ஓ, ஆமா" என்றார். இப்போது அப்படிப் பேசிக்கொள்ள முடிகிறது.

ஆயுத பூஜை வந்தது. பெரியம்மா சந்தனக் கிண்ணத்தைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். பெரியப்பா அதை வாங்கவில்லை, முதலில் துணி கேட்டார். நடுங்குகிற கையால் பெட்டை முழுவதும் துடைத்தார், எண்ணெய் விடச் சொன்னார், அந்த மூன்று குழிகளிலும் எண்ணெய் நிற்கிறதா என்று குனிந்து பார்த்தார். பிறகு சந்தனத்தைத் தொட்டு, என்னைப் பார்த்து, "எங்க வைக்கலாம்?" என்று கேட்டார்.

கியர் மூடியைக் காட்டினேன். பெயிண்ட் அடித்த இடம்.

"ம்" என்று அங்கே வைத்தார்.