பொதுத்தொட்டியும் தனியறமும்

மனிதன் ஒருவனை அவன் ஈட்டிச் சேர்ப்பவற்றைக் கொண்டு மதிப்பிடுதல் உலக வழக்கு. வேண்டாவென்று கழிப்பவற்றை அவன் எவ்வாறு கழிக்கின்றான் என்பதும் அவனது ஒழுக்கத்திற்கு ஓர் உரைகல்லாகும். வீட்டுக் குப்பையைத் தரம்பிரித்தல் சுகாதாரப் பரிசோதகரின் அலுவல் என்றே பலரும் எண்ணுவர். ஆயினும், பலர் கூடி வாழும் கட்டடத்தில் அது பழமையானதோர் அறவியல் வினாவை எழுப்புகின்றது. காண்பார் இல்லாத இடத்தில் ஒருவன் தன் கடமையைச் செய்யவேண்டுமா என்பதே அவ்வினா.

யாழ்ப்பாணத்தின் பழைய வாழ்க்கையில் இவ்வினா இத்துணைக் கூர்மையாக எழவில்லை. அரியாலை போன்ற ஊர்களில் வீட்டுக்கு ஒரு வளவும் கோடிப்புறத்தில் ஒரு குப்பைக் கிடங்கும் இருந்தன. முற்றத்துச் சருகு கிடங்கில் உக்கி எருவாயிற்று. வாழைப்பழத் தோலை ஆடு தின்றது. அடுப்புச் சாம்பல் பாத்திரம் துலக்கப் பயன்பட்டது. வெறும் போத்தல் கழுவப்பட்டு எண்ணெய் வாங்கக் கடைக்குச் சென்றது. அக்காலத்தார் இக்காலத்தாரினும் அறத்தில் மேம்பட்டவர் என்பது இதன் பொருளன்று. கழிவு கழித்தவனின் கண்முன்னே கிடந்தமையால், பிழையின் பயனைப் பிழைத்தவனே பெரும்பாலும் நுகர நேர்ந்தது. தன் கண்முன் கிடக்கச் சகியாததை அச்சமூகமும் பிறர் தலையிலேயே ஏற்றியது. நகரத்து வாளிக் கழிப்பிடங்களைத் துப்புரவு செய்தோர் சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்டோரே என்பது மறைத்தற்குரியதன்று.

இன்றைய நிலை வேறு. கண்டி வீதியை அடுத்த மேல்மாடிக் கட்டடம் ஒன்றில் நான்கு குடும்பங்கள் குடியிருப்பதாகக் கொள்க. படலை ஒன்று, நீர்த்தாங்கி ஒன்று. உக்குவனவற்றிற்கு ஒன்று, கடதாசிக்கும் பிளாஸ்ரிக்கிற்கும் ஒன்று, கண்ணாடிக்கும் தகரத்திற்கும் ஒன்று எனத் தொட்டிகள் மூன்று. மூன்று குடும்பத்தார் பிரித்து இடுகின்றனர். நான்காம் வீட்டார் மீன் செதிலையும் உடைந்த போத்தலையும் மீந்த சோற்றையும் ஒரே கரும்பையிற் கட்டி, இரவில் அருகிலுள்ள தொட்டியில் இட்டுச் செல்கின்றனர். விடிவதற்குள் நாய் பையைக் கிழிக்கின்றது. மூவரின் உழைப்பும் வீணாகின்றது. பையில் எவர் பெயரும் இல்லை.

கிரேக்க ஞானி பிளேட்டோ தமது ‘குடியரசு’ நூலின் இரண்டாம் பகுதியில் கைஜஸின் மோதிரக் கதையை எடுத்தாள்வர். அதனை அணிந்து குமிழைத் திருப்பியவன் பிறர் கண்ணுக்குப் புலப்படான். அத்தகைய மோதிரம் கிடைப்பின் நீதிமானும் அநீதிமானும் ஒன்றையே செய்வர் என்பது அந்நூலில் கிளாக்கன் முன்வைக்கும் வாதம். பெயரற்ற கரும்பையும் அத்தகைய மோதிரமே எனலாம். அரசரைக் கொன்று முடிகொள்ள அது உதவாது. சிறு கடமையொன்றிலிருந்து ஒருவரும் அறியாமல் நழுவ உதவும்.

நான்காம் வீட்டார் தீயவர் அல்லர். அவர்தம் பக்கத்திலும் நியாயங்கள் கூறப்படுதல் கூடும். ‘ஒரு பையால் உலகம் கெடுமா?’ என்பது முதலாவது. 2017 ஏப்ரல் 14ஆம் நாள், புத்தாண்டு தினத்தில், கொழும்பை அடுத்த மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து 30இற்கு மேற்பட்டோர் மாண்டனர். அம்மேடு சிறு பைகளாலேயே உயர்ந்தது. யாழ் மாநகரின் கழிவு நெடுங்காலம் கொட்டப்பட்டு வந்த கல்லுண்டாய் வெளியும் அவ்வாறு நிறைந்ததே. ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லாத குடாநாடு, சுண்ணாம்புப் பாறையில் தங்கும் மழைநீரையே நம்பியுள்ளது. நிலத்தின் மேல் இட்டது அப்பாறையின் வெடிப்புகள் வழியே கிணற்றை அடையவல்லது. சுன்னாகத்துக் கிணறுகளிற் கழிவெண்ணெய் கலந்தமை 2014, 2015ஆம் ஆண்டுகளில் பெருங்கவலையாக எழுந்ததை மக்கள் மறந்திலர்.

‘பிரித்து இட்டாலும் லொறியில் ஒன்றாகவே கொட்டுவர்’ என்பது இரண்டாவது நியாயம். அவ்வாறு நிகழுமிடத்து உள்ளூராட்சி மன்றத்தைக் கேள்வி கேட்பதும் குடியிருப்போர் கடமையாகும். ஆயினும் உக்குவது வளவிலேயே எருவாகுமெனின் அதற்கு லொறியே வேண்டியதில்லை. பிறர் தவறு தன் தவறுக்கு அனுமதிச்சீட்டாகாது. ‘துப்புரவுத் தொழிலாளருக்குச் சம்பளம் கொடுக்கப்படுகின்றதே’ என்பது மூன்றாவது. சம்பளம் குப்பையை அகற்றுவதற்கே; உடைந்த கண்ணாடியால் கை கிழிபடுவதற்கு அன்று.

இனி, பாதிக்கப்பட்ட மூவர் யாது செய்யலாம்? பையைப் பிரித்து உரியவர் யாரென ஆராயலாம் என ஒருவர் கூறுவர். மருந்துச் சிட்டை, கடிதம், கடன் பற்றுச்சீட்டு என ஒரு குடும்பத்தின் அந்தரங்கம் முழுதும் அப்பைக்குள் இருத்தல் கூடும். அதனைத் திறத்தல் அயலவர் வீட்டுக் கதவைத் திறத்தற்கு ஒப்பாகும். அருவருப்பும் நாணமும் ஒருங்கே தடுக்க, மூவரும் பின்வாங்குவர். அவர் பின்வாங்குதல் முறையே. ஆனால் அவர்கள் திறக்கக் கூசும் அதே பையை, மறுநாள் ஒரு தொழிலாளி வெறுங்கையால் திறக்கின்றார். அவருக்குக் கூச்சம் உண்டா என எவரும் கேட்பதில்லை. பழைய வாளி மறைந்தபின்னும் அதன் மனப்பாங்கு மறையவில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டியதில்லை.

காரெற் ஹாடின் 1968இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, பொதுவளம் தன்னலத்தால் அழிந்தே தீரும் என வாதிட்டது. எலினோர் ஒஸ்ற்றம் அம்முடிவு எல்லாவிடத்தும் பொருந்தாது என்பதைப் பல நாட்டு நீர்ப்பாசன, வன, மீன்பிடிச் சமூகங்களை ஆராய்ந்து காட்டினார். 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். விதிக்குக் கட்டுப்படுவோரே கூடி விதியை ஆக்குமிடத்துப் பொதுமை நிலைக்கும் என்பது அவர் ஆய்வின் சாரம். நான்கு குடும்பத்தாரும் ஒரு மாலைப்பொழுதில் படலையருகே கூடிப் பேசுதல், பையை வேவுபார்த்தலினும் மேலானது. படியிறங்க இயலாத முதியவரின் வாளியை இளையவர் ஒருவர் எடுத்துச் செல்லலாம். நேரமில்லாதார்க்கு நாள் மாற்றிக் கொடுக்கலாம். எல்லாரிடமும் ஒரே அளவு உழைப்பைக் கேட்பது நீதியாகாது. எல்லாரிடமும் ஒரே அளவு அக்கறையைக் கேட்கலாம்.

எனினும் விதியும் கூட்டமும் செல்லாத ஓர் இடம் உண்டு. இரவு பத்து மணிக்கு, உடைந்த போத்தலைக் கையிலேந்தி ஒருவர் சமையலறையில் தனித்து நிற்கின்றார். அவ்வேளை அயலவரும் இல்லை. மாநகர சபையும் இல்லை. அதனைப் பழைய கடதாசியிற் சுற்றித் தனியே வைப்பதா, பைக்குள் எறிவதா என்பதை அவரே தீர்மானித்தல் வேண்டும். காலையில் அப்பையை எடுக்கும் கையை அவ்வேளை அவர் மனக்கண்ணாற் காண்பாராயின், மோதிரம் தன் வலிமையை இழந்துவிடும்.