பாதியில் நின்ற சொல்

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபின், ஊரடங்கின் சலிப்பைப் போக்கிக்கொள்ளும் பொருட்டு, 2021ஆம் ஆண்டில் ஒரு கல்லூரி இணையவழியில் நடத்திய விஞ்ஞானப் புனைகதை வகுப்பில் நானும் ஒரு மாணவனாகச் சேர்ந்தேன். செங்கற்பட்டில் கொளவாய் ஏரியை நோக்கிய என் அறையில் மடிக்கணினியைத் திறந்துவைத்தால், பேரப்பிள்ளைகளின் வயதையொத்த முகங்கள் சின்னச் சின்னக் கட்டங்களில் வந்து நிற்கும். ஒருநாள், மாமல்லபுரத்துக்குத் தெற்கேயுள்ள ஒரு மீனவர் குப்பத்திலிருந்து படித்துவந்த பையன் பாடத்தைப் பற்றி ஏதோ விடை சொல்லிக்கொண்டிருக்கையில், அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு கிழவியின் குரல் எழுந்தது: "கடலு உள்வாங்குன அன்னிக்கி நாங்க பாத்தோமே, அங்க..."

"தம்பி, மைக்கை மியூட் பண்ணுங்க" என்று அவசரமாகத் தட்டி அனுப்பியவன் நான்தான். பையன் வெட்கத்தோடு அப்படியே செய்தான். ஒலிவாங்கிப் படத்தின் குறுக்கே சிவப்புக் கோடு விழுந்தது. வகுப்பு நடந்தது.

அன்றைய பாடம் இன்னதென்று நினைத்தால்தான் மனம் கூசுகிறது. வங்காளத்து பேகம் ரொக்கையா எழுதிய 'சுல்தானாவின் கனவு' என்னும் கதை அது. 1905இல், கமலா சத்தியநாதன் அம்மையார் சென்னையிலிருந்து நடத்திவந்த ஆங்கில மாதர் பத்திரிகையில் முதன்முதல் வெளிவந்தது. ஆடவர் அந்தப்புரத்தில் அடைபட்டிருக்க, மாதர் சூரிய வெப்பத்தைச் சேமித்தும் மேகத்திலிருந்து நீரை இறக்கியும் ராஜ்யபாரம் செய்யும் ஒரு தேசத்தை அதில் காட்டுகிறார். திரைக்குப் பின்னே இருத்தப்பட்டவர்களின் குரலைப் பற்றிய அந்தப் பாடத்தை ஊன்றிக் கேட்டுக் குறிப்பெழுதிக்கொண்டே, ஒரு வீட்டின் பின்கட்டிலிருந்து வந்த குரலை நான் அடைத்துவிட்டேன்.

அந்த 'அங்க' என்ற சொல் என்னை விடுவதாக இல்லை. எங்கே?

ஏழெட்டு வயதில் என் பாட்டனார் என்னைத் திருக்கழுக்குன்றத்து மலைக்கு அழைத்துப்போனார். உச்சிவேளையில் இரண்டு கழுகுகள் காசியில் நீராடி ராமேசுவரத்துக்குப் போகும் வழியில் இங்கே வந்து அமுதுண்ணும் என்பது ஐதீகம். கால் சுடும் பாறையில் நின்று, "அதோ, அங்கே!" என்று அவர் வானத்தைச் சுட்டினார். எனக்குத் தெரிந்தது அவருடைய விரலும், அதன் நகத்தில் ஒட்டியிருந்த வெற்றிலைச் சுண்ணாம்புமே. ஆயினும் "பார்த்துட்டேன் தாத்தா" என்றேன். அவர் முகம் மலர்ந்தது. பெரியவர்கள் 'அங்கே' என்று காட்டியதைக் காணாமலே கண்டதாகச் சொல்லிவிடும் வழக்கம் எனக்கு அன்றுதான் தொடங்கியதோ என்னவோ.

பின்னாளில், ஆனந்த விகடனில் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வை வாராவாரம் பக்கம் கிழித்துச் சேர்த்துத் தைத்து வைத்தேன். அரைகுறை ஞாபகத்திலும் அதன் இரண்டெழுத்துப் பெயர்கள் நிற்கின்றன: நிலா, சிபி, ரவி, மனோ, ஜீனோ என்ற நாய். பிள்ளை பெறவும் சர்க்காரின் அனுமதி வேண்டியிருந்த அந்தக் கதை நடப்பதே 2021இல்தான் என்பது, அதே ஆண்டில் பெயர் ஒட்டிய கட்டங்களின் முன்னே உட்கார்ந்தபோது விசித்திரமாக இருந்தது. கிழவிக்கோ அந்தத் திரையில் கட்டமும் இல்லை, இரண்டெழுத்தில் ஒரு பெயரும் இல்லை.

கிழவி சொன்ன அதே கடலுக்குள் கோபுரங்களின் செப்புக் கலசங்கள் மின்னக் கண்டதாக மாமல்லபுரத்து முதியவர்கள் கூறியதை வில்லியம் சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயர் எழுதிவைத்தது 1788இல் அச்சேறியது. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அது கர்ணபரம்பரையாகவே கிடந்தது. 2002இல் முக்குளிப்பவர்கள் கடலடியில் இறங்கிக் கட்டுமானச் சிதைவுகளைக் கண்டார்கள். 2004 டிசம்பர் 26 அன்று, ஆழிப்பேரலை எழும்புமுன் கடல் பின்வாங்கியபோது, வரிசையாகப் பாறைகள் தெரிந்ததாகக் கரையில் நின்றவர்கள் சொன்னார்கள். அலை மணலை அரித்துப்போன இடங்களில் செதுக்கிய கற்கள் வெளிப்பட்டன. இத்தனை காலமும் சாட்சி சொன்னவர்கள் கடற்கரைவாசிகள். படித்தவர்கள் அதைக் கதை என்றார்கள். நடவாததைக் கதையாக்கி, அதற்கு ஒரு பாடமும் வகுத்துப் படிக்கிற நாம், நடந்ததைச் சொல்ல வந்தவளை வாயடைத்தோமே என்று இதிலிருந்து ஒரு நீதி எடுக்கலாம் என்றுதான் முதலில் எண்ணினேன்.

இப்போது அந்த நீதியின் மேலும் சந்தேகம் வந்துவிட்டது. கோயிலையும் கலசத்தையும் எதிர்பார்த்து அந்த வாக்கியத்தை நிரப்புகிறவன் நான். அவள் 'அங்க' என்றது, அந்தக் காலையில் கரை சேராமற்போன ஒரு குழந்தையை வைத்தாகவும் இருக்கலாம். அப்படியாயின், அதை முப்பது அந்நியர்கள் கேட்காமற்போனதே நலமோ? அல்லது கேட்டிருப்பதே நியாயமோ? அவளே சொல்ல விரும்பினாளா, பேரனுக்கு மட்டும் ஞாபகப்படுத்தினாளா? எனக்குத் தெரியவில்லை.

செங்கற்பட்டிலிருந்து மாமல்லபுரம் முப்பது கிலோமீட்டர்தான். திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ் இருக்கிறது. குப்பத்தின் பெயரும் எனக்குத் தெரியும். இன்னும் நான் போகவில்லை.