ஆடையில் அழகும் அடக்கமும்

 

பெருநாள் நெருங்கினால் பல வீடுகளில் துணிப் பேச்சுதான். சம்பளம் 15,000 ரூபாய். துணிக்கடை பில் 8,000 ரூபாய். மீதி நாட்களுக்குக் கைமாற்று. கேட்டால், "நாலு பேர் என்ன நினைப்பார்கள்?" என்கிறோம். இன்னொரு பக்கம், எளிமை என்று சொல்லிக்கொண்டு அழுக்குச் சட்டையோடும் வியர்வை வாடையோடும் ஜும்ஆவுக்கு வருகிறவர்களும் உண்டு. மார்க்கம் விரும்புவது இவற்றில் எதை? இரண்டையுமே அல்ல.

நபி (ஸல்) அவர்கள் பெருமையைப் பற்றி எச்சரித்தபோது ஒரு தோழர், தம் ஆடையும் செருப்பும் நன்றாக இருக்க வேண்டுமென்று ஒருவர் விரும்புவதும் பெருமையா என்று கேட்டார். அல்லாஹ் அழகை விரும்புகிறவன் என்றும், உண்மையை மறுப்பதும் மக்களை இழிவாக நினைப்பதுமே பெருமை என்றும் நபியவர்கள் விளக்கினார்கள். ஆக, பெருமை துணியில் இல்லை. அதை உடுத்திக்கொண்டு பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கும் பார்வையில் இருக்கிறது.

அமீருல் முஃமினீன் உமர் (ரலி) அவர்களின் சட்டையில் தோள்களுக்கு நடுவே ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று ஒட்டுகள் இருந்ததை அனஸ் (ரலி) பார்த்திருக்கிறார்கள். இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களோ கவாரிஜ்களிடம் பேசப் போகும்போது யமன் நாட்டின் மிகச் சிறந்த ஆடையை உடுத்திச் சென்றார்கள். அதை அவர்கள் குறை சொன்னபோது, நபியவர்களே சிறந்த ஆடை அணிந்திருக்கத் தாம் கண்டதாகப் பதில் சொன்னார்கள். இருவர் செய்ததும் சரிதான். இருவருக்கும் ஆடை தற்பெருமைக்கான கருவியாக இருக்கவில்லை.

பெயருக்காக உடுத்தும் ஆடையை நபியவர்கள் கடுமையாக எச்சரித்திருக்கிறார்கள். விலையுயர்ந்த ஆடை மட்டுமல்ல, "எவ்வளவு பேணுதலான மனிதர்!" என்று பேச வைப்பதற்காகப் போடும் கந்தலும் இதில் சேரும் என்று உலமாக்கள் விளக்கியுள்ளார்கள்.

அப்படியானால் வருமானம் குறைந்தவர் என்ன செய்வது? அழுக்கு ஆடையோடு இருந்த ஒருவரைக் கண்ட நபியவர்கள், அதைத் துவைக்க இவருக்கு எதுவும் கிடைக்கவில்லையா என்றே கேட்டார்கள். புதிது வாங்கச் சொல்லவில்லை. அழகின் முதல் படி சோப்பும் தண்ணீரும்தான். பத்து சட்டைகளைவிட, அளவெடுத்துத் தைத்த இரண்டு வெள்ளைச் சட்டைகள் போதும். வெள்ளை நபியவர்கள் அணியச் சொன்ன நிறம். கட்பீஸ் துணியானாலும் தையல் சரியாக இருந்தால் பார்வையாக இருக்கும். அறுந்த பட்டனை அன்றே தைத்து, தேய்த்து உடுத்தி, கொஞ்சம் அத்தர் பூசி வாருங்கள். இதற்குக் கடன் வேண்டாம், கவனம் போதும்.

துணி வாங்கும் முன் உங்களையே இரண்டு கேள்விகள் கேளுங்கள். இதற்காக நான் கடன்படுகிறேனா? இதைப் பார்த்து, ஸஃப்பில் என் பக்கத்தில் நிற்கும் ஏழைச் சகோதரர் கூசி ஒதுங்குவாரா?

புதுத்துணி இல்லை என்ற வெட்கத்தில் ஒருவர் பெருநாள் தொழுகைக்கே வராமல் வீட்டில் இருந்துவிட்டால், அந்தக் குற்றம் அவருடையது மட்டுமல்ல. துணியைப் பார்த்து ஸலாம் சொல்லப் பழகிய நம் மஹல்லா முழுவதற்கும் அதில் பங்குண்டு.

வீண்விரயத்தையும் பெருமையையும் விட்டு நம்மைக் காத்து, தூய்மையாலும் தக்வாவாலும் நம்மை அழகாக்க அல்லாஹ் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.